விதியை மீறும் சீட்டு: புறனடையின் அதிகாரம் பற்றிச் சில குறிப்புகள்

1

மீறல் என்ற சொல் நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஏறக்குறைய ஒரு மந்திரச்சொல்லாகவே ஆகிவிட்டிருக்கிறது. பிரதியின் விதிகளை மீறுதல், மொழியின் ஒழுங்கை மீறுதல், மையத்தை மறுத்து விளிம்பிலிருந்து பேசுதல் என்று எதை எடுத்தாலும் மீறல்தான். விதி என்றால் அதிகாரம், மீறல் என்றால் விடுதலை என்னும் எளிய எதிர்வு ஒன்று இதற்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறது. இந்த எதிர்வு எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும்? கவிதையை வைத்தோ தத்துவத்தை வைத்தோ இதைப் பேசுவதைக் காட்டிலும், முழுக்க முழுக்க விதிகளால் மட்டுமே கட்டப்பட்ட ஒரு பொருளைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பது பயன்தரும். விளையாட்டு அத்தகைய பொருள். அதிலும், தன் விதிகளை மீறுவதையே தன் முதல் விதியாக வைத்திருக்கிற ஒரு சீட்டாட்டத்தை இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஆட்டங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் விதி என்பது கட்டத்துக்கும் காய்க்கும் வெளியே, ஆடுகிற எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டும், ஆடு தாண்டாது. ஆடும் புலியும் சமமில்லைதான்; ஆனால் எந்த ஆடும் தன் முதுகில் தனிச்சட்டம் எழுதிக்கொண்டு வருவதில்லை. 1990களில் பையன்கள் கையில் புழங்கிய மல்யுத்த ட்ரம்ப் கார்டும் அப்படித்தான். ஒருவன் உயரம் என்று கேட்பான், அல்லது எடை, நெஞ்சளவு என்று கேட்பான். எண் கூடியவன் மற்றவன் சீட்டை எடுத்துக்கொள்வான். ரேங்க் கேட்டால் மட்டும் எண் குறைந்தவன் ஜெயிப்பான். அண்டர்டேக்கர் சீட்டில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அது எண்தான். "இந்தச் சீட்டு வந்தால் தோற்றவனே ஜெயித்தவன்" என்று அதில் எழுதியிருக்காது.

ரம்மி கொஞ்சம் சிக்கலானது. ஆண்டிபட்டிப் பக்கம் கல்யாண வீட்டு மொட்டைமாடியிலும் தோட்டத்து மோட்டார் ரூமிலும் சீட்டுக்கு உட்காருகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 13 சீட்டு. ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும். ஆனால் ஜோக்கர் சேராத ஒரு ஒரிஜினல் ரம்மியாவது கையில் இருந்தாக வேண்டும். "அங்க ஜோக்கரச் செருகுனா செல்லாதுப்பா" என்று பக்கத்தில் வேடிக்கை பார்க்கிறவரே சொல்லிவிடுவார். பொதுவிதி ஒன்று, அதை மீறும் ஜோக்கர் ஒன்று, அந்த மீறலுக்குப் போட்ட வேலி ஒன்று என மூன்றும் இங்கே கருவாக இருக்கின்றன. என்றாலும் ஜோக்கரின் சலுகை ரம்மியின் பொதுவிதிக்குள்தான் அடக்கம். சீட்டுக்கட்டும் நடுவில் கிடக்கிற பொதுக்கட்டு. யாருக்கு ஜோக்கர் வரும் என்பது கலைத்துப் போடுகிற கையைப் பொறுத்தது.

2

1993-இல் அமெரிக்காவில் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ இந்தப் பொதுக்கட்டை எடுத்துவிட்டது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்க, விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் தாம் வாங்கியும் மாற்றிக்கொண்டும் சேர்த்த சீட்டுகளிலிருந்து தமக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொண்டு வருகிறார். வழக்கமான ஆட்டத்தில் கட்டுக்குக் குறைந்தது 60 சீட்டு, கையில் முதலில் 7 சீட்டு, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. எதிராளியின் 20-ஐப் பூஜ்யமாக்குவது வெற்றிக்கான பொதுவழி. சீட்டுகளைக் களத்தில் இறக்க ‘மானா’ எனப்படும் சக்தி வேண்டும். மானாவைத் தருவது நிலம். ஒருவர் தம் முறையில் ஒரே ஒரு நிலத்தைத்தான் களத்தில் வைக்கலாம் என்பது அடிப்படை விதிகளில் ஒன்று.

இதுவரை 25,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படத்துக்குக் கீழே சில வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரிகள்தாம் இந்த ஆட்டத்தின் உயிர். ஏனென்றால் விதிப்புத்தகம் தன் முதல் பகுதியிலேயே ஒரு பொன்விதியைச் சொல்லிவிடுகிறது: சீட்டில் எழுதியிருப்பது விதிப்புத்தகத்தோடு நேரடியாக முரண்பட்டால் சீட்டே செல்லும்.

இரண்டு பையன்கள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்.

"டேய் மாப்ள, ஒரு தடவைக்கு ஒரு நெலந்தான் வைக்கலாம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். இந்தச் சீட்டுல என்ன போட்ருக்கு, படி."

அவன் கையில் இருப்பது ‘எக்ஸ்ப்ளொரேஷன்’ என்ற 1998-ஆம் ஆண்டுச் சீட்டு. உன் ஒவ்வொரு முறையிலும் கூடுதலாக ஒரு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. விதி தோற்றது, சீட்டு ஜெயித்தது. இன்னொரு உதாரணம்: சாதாரண நிலச்சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு ஒரு கட்டில் நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. 2004-இல் வந்த ‘ரிலென்ட்லஸ் ராட்ஸ்’ என்ற எலிச்சீட்டோ, என்னை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று தன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, கட்டு அமைக்கும்போதே விதியை மீறும் சீட்டு இது.

இந்தப் பொன்விதிக்கு ஒரு வால் உண்டு. சீட்டு எந்தச் சந்தர்ப்பத்தைப் பற்றிப் பேசுகிறதோ அந்தச் சந்தர்ப்பத்துக்கான விதியை மட்டுமே அது மீறும். எலிச்சீட்டு தனக்கு மட்டும் விலக்குத் தேடிக்கொண்டதே தவிர, மற்ற சீட்டுகளுக்கு நான்கு என்ற வரம்பை எடுத்துவிடவில்லை. எக்ஸ்ப்ளொரேஷன் இரண்டாவது நிலத்துக்கு வழிவிடுகிறது, மூன்றாவதற்கு இல்லை. ஒவ்வொரு மீறலும் தான் மீறாத எல்லா விதிகளையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, அவற்றின் மேல் நின்றுகொண்டுதான் மீறுகிறது.

தமிழில் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இகரத்தில் முடியும் சொல்லுக்கு முன் வல்லினம் வந்தால் மிகும் என்பது பொதுவிதி; ஆகவே புளிக்குழம்பு. வினைத்தொகையில் மிகாது என்பது சிறப்புவிதி, ஆகவே குடிதண்ணீர். குடிதண்ணீரில் ஒற்று மிகவில்லை என்பதற்காகப் புளிக்குழம்பிலிருந்து ஒற்றைப் பிடுங்க யாரும் வருவதில்லை. முன்னே சொன்ன விதி ஓரிடத்தில் பொருந்தாமல் போவதற்கு ‘எய்தியது விலக்கல்’ என்றும், விலக்கிவிட்டு வேறொன்றைச் சொல்வதற்கு ‘எய்தியது விலக்கிப் பிறிது விதித்தல்’ என்றும் உரையாசிரியர்கள் தனித்தனிப் பெயரே கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேலும் அடங்காமல் நிற்பவற்றை வாரிக்கொள்வதற்குத் தொல்காப்பியத்தில் புறனடைச் சூத்திரங்கள் இருக்கின்றன. விதிக்குப் புறத்தே நிற்பதையும் இலக்கணத்துக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பது புறனடையின் வேலை. புறனடை இலக்கணத்தை உடைப்பதில்லை. இலக்கணம் அவ்வளவு நீண்ட காலம் உடையாமல் இருந்ததற்குப் புறனடையும் ஒரு காரணம்.

மேஜிக் ஆட்டத்தின் வெற்றியும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான புதிய சீட்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விதியைச் சீண்டுகிறது. ஆனாலும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மீறலுக்கு முன்கூட்டியே நாற்காலி போட்டுவைத்திருக்கிற அமைப்பு மீறலால் குலைவதில்லை. அதைத் தின்று வளர்கிறது. மீறலையே அரசியலாகக் கொண்டாடுகிற நண்பர்கள் முதலில் யோசிக்க வேண்டிய இடம் இது.

3

அடுத்த சிக்கல். ஒரு சீட்டு விதியை மீறினால் சீட்டு செல்லும், சரி. இரண்டு சீட்டுகளே ஒன்றோடொன்று முரண்பட்டால்? ஒன்று ‘செய்யலாம்’ என்கிறது, மற்றொன்று ‘செய்யக்கூடாது’ என்கிறது. இரண்டும் சீட்டுகள்தாம், இரண்டுக்கும் பொன்விதியின் ஆதரவு உண்டு. விதிப்புத்தகத்தின் அடுத்த வரி இதைத் தீர்க்கிறது: ‘கூடாது’ என்பது ‘கூடும்’ என்பதை வெல்லும். "ஆகாதுன்னு ஒரு சீட்டு சொல்லிட்டா, ஆகும்னு பத்துச் சீட்டு சொன்னாலும் எடுபடாது." எது முதலில் களத்துக்கு வந்தது, எது விலை கூடியது, எது அபூர்வமானது என்ற கேள்விகளுக்கே இங்கு இடமில்லை.

1994-இல் வந்த ‘வார்ம்ஸ் ஆஃப் தி எர்த்’ என்ற சீட்டைப் பாருங்கள். பெயருக்கு மண்ணின் புழுக்கள் என்று பொருள். அது களத்தில் இருக்கும்வரை யாரும் நிலம் வைக்கக்கூடாது, நிலம் எதுவும் களத்துக்குள் வரவும் கூடாது. கையில் எக்ஸ்ப்ளொரேஷன் இருந்தால் என்ன? கூடுதலாக ஒரு நிலம் வைக்கலாம் என்ற அனுமதி அப்படியே இருக்கிறது, ஆனால் பயன்படாது. ஒன்றுக்கு இரண்டு என்று அனுமதிகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் தடை குறைவதில்லை. அனுமதிக்கும் தடைக்கும் இடையே கூட்டல் கழித்தல் கிடையாது.

அப்படியானால் தடையை என்ன செய்வது? அதனோடு வாதாட முடியாது. தடை எங்கிருந்து வருகிறதோ அந்த மூலத்தைக் களத்திலிருந்து அகற்ற வேண்டும். புழுச்சீட்டிலேயே அதற்கு வழி எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும், ஆடுகிறவர்களில் யாராவது தம் இரண்டு நிலங்களைப் பலிகொடுத்தாலோ, 5 புள்ளிச் சேதத்தைத் தம் உடம்பில் வாங்கிக்கொண்டாலோ புழு அழியும். தடை விலகுகிறது, விலை கொடுத்தபின் விலகுகிறது. விலையை யாராவது ஒருவர் கொடுத்தால் போதும், தடை நீங்குவது எல்லாருக்கும். போராட்டங்களில் இருந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அர்த்தம் புரியாமல் போகாது.

‘கூடாது’ ‘கூடும்’-ஐ வெல்வது எப்படி என்பதற்கு ஆண்டிபட்டிக்காரர்கள் விதிப்புத்தகம் தேடவேண்டியதில்லை. அவர்கள் தொகுதியை வைத்தே ஓர் ஆட்டம் நடந்து முடிந்திருக்கிறது. 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்துக்கொண்டே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி அது. 2001 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுச் செய்தார். அவற்றில் ஆண்டிபட்டியும் ஒன்று. நான்கும் தள்ளுபடியாயின. 2000 அக்டோபரில் டான்சி வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையால், இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை பெற்றவர் போட்டியிட முடியாது என்ற மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு குறுக்கே நின்றது. தேர்தலில் அ.தி.மு.க. வென்றது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாத ஒருவரும் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம் என்ற, அரசியல் சட்டத்தின் 164(4) உறுப்பை வைத்து 2001 மே மாதம் அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

ஆட்டத்தின் மொழியில் சொன்னால், 164(4) ஒரு கூடுதல் நிலச்சீட்டு. அமைச்சர் சட்டமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற பொதுவிதிக்கு அது விலக்குத் தருகிறது. ஆனால் எதற்கு விலக்கு? இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்ற நிலைக்கு மட்டும். தேர்ந்தெடுக்கப்படவே தகுதியில்லை என்ற தடைக்கு அது விலக்குத் தரவில்லை. 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பி.ஆர். கபூர் வழக்கில் இதைத்தான் சொல்லி அந்த நியமனத்தைச் செல்லாததாக்கியது. மக்கள் பெரும்பான்மை கொடுத்துவிட்டார்களே என்ற வாதம் எடுபடவில்லை. பத்து அனுமதியைக் கூட்டினாலும் ஒரு தடைக்கு ஈடாகாது என்பதுதான் அதன் சாரம். பெரியகுளத்து உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் முதலமைச்சரானார்.

தடையின் மூலம் களத்திலிருந்து போனபோதுதான் நிலைமை மாறியது. 2001 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை போனதும் தடையும் போயிற்று. 2002 பிப்ரவரியில் அதே ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து, மார்ச்சில் மீண்டும் முதலமைச்சரானார். அந்த அரசியலைப் பற்றி அவரவர்க்கு ஓர் அபிப்பிராயம் இருக்கும். இங்கு நமக்கு முக்கியம் விதியின் வடிவம். விலக்கு என்ற சீட்டைக் கையில் வைத்திருப்பது மட்டும் போதாது. அது எந்த விதியைப் பெயர் சொல்லி விலக்குகிறது என்று படிக்கத் தெரிய வேண்டும்.

4

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். விதியை மீறும் சீட்டு யார் கைக்கு, எந்த வழியாக வந்து சேருகிறது?

மேஜிக் ஆட்டத்தில் இதற்கு ஒளிவுமறைவில்லாத பதில் உண்டு: கடை வழியாக. 1993-இல் அமைந்த முறைப்படி, மூடிய உறை ஒன்றில் 15 சீட்டு இருந்தது. 11 சாதாரணம், 3 கொஞ்சம் அரிது, 1 மிக அரிது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். மிக அரிதான சீட்டுகளில் பல, விதியைப் பெரிய அளவில் மீறுகிற சீட்டுகள். முதல் தொகுதியில் வந்த ‘பிளாக் லோட்டஸ்’ ஒரு செலவும் இல்லாமல் மூன்று மானாவை உடனே கொடுக்கும். ஒரு நிலம் ஒரு முறைக்கு ஒரு மானா கொடுக்கிற ஆட்டத்தில் இது என்ன மாதிரியான சலுகை என்று சொல்லத் தேவையில்லை. பழைய சீட்டுகள் சிலவற்றை இனி மறுபடியும் அச்சிடமாட்டோம் என்று 1996-இல் நிறுவனம் உறுதி சொன்னது. பிளாக் லோட்டஸும் அந்தப் பட்டியலில் உண்டு. அபூர்வம் இயற்கையாக வந்ததில்லை, அச்சகத்தில் தீர்மானிக்கப்பட்டது. ஆடும் நேரத்தில் விதியின் முன் இருவரும் சமம். மேஜைக்கு வருவதற்கு முன்னால் சமமில்லை.

விதிவிலக்கைத் தீர்மானிப்பவனே இறைமை உடையவன் என்ற கருத்தை 1922-இல் முன்வைத்தார் ஜெர்மானியச் சட்டவாதி கார்ல் ஷ்மிட். பிற்பாடு நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். நெருக்கடியில் சட்டத்தை நிறுத்திவைக்கிற ஒற்றை மனிதனே அவருடைய கற்பனையில் இருந்தான். சீட்டாட்டம் வேறொரு படத்தைக் காட்டுகிறது. விலக்கு ஒரே ஆளிடம் இல்லை. சீட்டுச்சீட்டாகப் பிரிந்து பல கைகளில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் விலக்கின் சொந்தக்காரர் ஆகலாம். ஆனால் அச்சடிப்பவரும் விற்பவரும் வேறு. இன்றைய அதிகாரத்துக்கு ஷ்மிட்டின் படத்தைவிட இந்தப் படமே நெருக்கமானது என்று தோன்றுகிறது.

நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1961-இல் தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்று பொதுவிதி போட்டது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. அதே சட்டத்துக்குள்ளேயே மத நிறுவனங்களுக்கு, பெருந்தோட்டங்களுக்கு என்று விலக்குகள். உச்சவரம்பை விதிப்புத்தகத்தில் படித்தவர்கள் உழுகிறவர்கள். விலக்குச் சீட்டு யாரிடம் இருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

விலக்கு சலுகையாகவே வரவேண்டும் என்பதும் இல்லை. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை என்பது குற்றவியல் சட்டத்தின் பொதுவிதி. 1871-இல் தொடங்கி 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் அதற்குப் போட்ட சிறப்புவிதி: சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்கள் அதன் கீழ் ரேகை வைக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கூடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. இதுவும் பொதுவிதியை மீறிய ஒரு சீட்டுதான். ரேகை வைத்தவர்கள் கையில் இருந்த சீட்டு இல்லை அது. அவர்கள் மேல் வீசப்பட்டது.

இவற்றுக்கு எதிரே ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை 14-14 ஆகப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு பேண வேண்டும் என்கிறது 46-ஆம் உறுப்பு. சாதி காரணமாக யாருக்கும் கல்லூரி இடம் மறுக்கக்கூடாது என்கிறது 29(2). ‘கூடாது’ ‘கூடும்’-ஐ வென்றது. அரசு வேலைக்கு 16(4) என்ற விலக்குச் சீட்டு முதலிலிருந்தே இருந்தது. கல்விக்கு அப்படி ஒன்று அச்சாகியிருக்கவில்லை. அச்சாகாத விலக்கை நீதிமன்றம் தானாக எழுதிச் சேர்க்கவும் இல்லை.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் தெருவில் இறங்கினார்கள். 1951 ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. அதன் வாசகத்தைச் சீட்டாட்டக்காரன் கண்ணோடு படிக்க வேண்டும். எந்தத் தடைகள் இனி குறுக்கே வராது என்று அது பெயர் சொல்கிறது: இந்த 15-ஆம் உறுப்பு, அத்துடன் 29-ஆம் உறுப்பின் 2-ஆம் கூறு. யாருக்காக என்றும் சொல்கிறது: சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர். வாதாடிப் பயனில்லாத தடையை மூலத்திலேயே போய்த் தொட்ட சீட்டு இது. கடையில் வாங்கியதில்லை. விலை கொடுத்தவர்கள் வேறு விதமாகக் கொடுத்தார்கள்.

இதே வடிவத்தில், இதே இலக்கணத்தோடு 2019-இல் 103-ஆவது திருத்தம் வந்தது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு என்று 15(6), 16(6) ஆகிய உறுப்புகள். 10 விழுக்காடு வரை இடம். ஏற்கனவே இடஒதுக்கீடு பெறும் வகுப்பினர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் அதற்குள் வர முடியாது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் இதை ஏற்றது. 15(4)-ஐயும் 15(6)-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ‘இதில் உள்ள எதுவும் தடுக்காது’ என்ற தொடர் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வடிவத்தைப் பார்த்து அரசியலைச் சொல்லிவிட முடியாது. நீண்ட காலம் ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வருவதற்காகப் பெற்ற விலக்கும், ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு சீட்டு சேர்க்கிற விலக்கும் அச்சில் ஒரே மாதிரிதான் தெரியும். வரலாற்றை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் வாசிக்கிற நம்முடைய விமர்சன முறைக்கு இது ஓர் எச்சரிக்கை.

5

பொன்விதியில் இன்னும் ஒரு வரி மீதியிருக்கிறது. எந்தச் சீட்டும் எந்த விதியையும் மீறலாம், ஒன்றைத் தவிர. ஆடுகிறவர் எந்த நேரத்திலும் "நான் தோத்துட்டேன், விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். இந்த உரிமையை எந்தச் சீட்டாலும் பறிக்க முடியாது.

2003-இல் வந்த ‘பிளாட்டினம் ஏஞ்சல்’ என்ற சீட்டு இதைச் சோதித்துப் பார்க்க உதவும். அது களத்தில் இருக்கும்வரை அதன் சொந்தக்காரர் தோற்க முடியாது, எதிராளி ஜெயிக்க முடியாது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் ஆட்டம் தொடரும். ‘கூடாது’ என்ற சொல்லின் முழுப் பலமும் இதில் இருக்கிறது. அப்படிப்பட்ட தேவதையைக் கையில் வைத்திருப்பவரும், போதும் என்று நினைத்தால் எழுந்து போகலாம், போனால் தோற்றவராவார். ஆயிரக்கணக்கான விலக்குகளைக் கொண்ட ஆட்டம், விலக்கே இல்லாத ஒரே விதியாக வெளியேறும் உரிமையைத் தேர்ந்துகொண்டிருக்கிறது. காரணம் எளிது. எழுந்து போக முடியாவிட்டால் அது விளையாட்டில்லை.

இந்த இடத்தில்தான் சீட்டாட்டத்தை வைத்துச் சமூகத்தைப் படிக்கும் முயற்சி முட்டிக்கொண்டு நிற்கிறது, நிற்கவும் வேண்டும். அதிகாரத்தை ‘விளையாட்டு’ என்றும் சொல்லாடல்களின் ஆட்டம் என்றும் எழுதிப் பழகிவிட்டோம். சாதி விளையாட்டு அல்ல. ஆட்டத்துக்கு வருகிறேன் என்று யாரும் சம்மதம் சொல்லிவிட்டு அதில் உட்காரவில்லை. எழுந்து போகவும் வழி வைக்கப்படவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையைப் பாருங்கள். இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர் என்று அது தொடங்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போன தலித்துகளுக்கு இடமில்லை. எழுந்து போனவரிடமிருந்து விலக்குச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆட்டத்தை மட்டும் அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது அமைப்பு. கோயிலைவிட்டுப் போனாலும் கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் எழுப்புகிறார்கள்.

ஆகவே தோழர்கள் யாராவது ‘விதிகளை மீறுவோம்’ என்று சொல்லும்போது, எந்த விதியை, எந்தச் சீட்டை வைத்து, அந்தச் சீட்டு நம் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எந்தத் தடையைப் பெயர் சொல்லி விலக்குகிறது என்று தெரியாத மீறல், புழுச்சீட்டின் முன்னால் வைத்த எக்ஸ்ப்ளொரேஷன் மாதிரிக் கையிலேயே கிடக்கும். இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது: இந்த ஆட்டத்தில் யாரெல்லாம் எழுந்து போக முடியாதவர்கள்? அவர்களிடம் போய் மீறலின் அழகியல் பேசுவதற்கு முன், கதவு எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது.